துணையின்றி எடை குறைக்க முயலும் வளரிளம் பருவத்தினர்: உடுமலைப் பகுதியை முன்வைத்து

பதின்பருவத்தில் இருக்கும் ஒருவர் தம் உடல் எடையைக் குறைக்க முடிவு செய்யும்போது, அந்த முடிவை நிறைவேற்றத் தேவையானவற்றுள் ஏறக்குறைய எதுவும் அவர் கையில் இருப்பதில்லை. மளிகைப் பட்டியல் போடுபவர், குழம்பில் எண்ணெயின் அளவைத் தீர்மானிப்பவர், இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கா பத்து மணிக்கா என்று முடிவு செய்பவர், மாலையில் வெளியே சென்று ஓட அனுமதிப்பவர் ஆகிய எல்லாரும் வீட்டுப் பெரியவர்களே. அவ்வாறிருக்க, எடை கூடினால் வாயைக் கட்டத் தெரியவில்லை என்ற பழியும், குறைக்க முயன்றால் படிக்கிற வயதில் இது எதற்கு என்ற தடையும் அதே பிள்ளையின் மேல் விழுகின்றன. மருத்துவ நூல்கள் வளரிளம் பருவத்தினர் என்று குறிப்பது 10 முதல் 19 வயது வரையுள்ளோரை. இவர்களுடைய எடையை ஒழுக்கத்தின் அளவுகோலாகக் கொள்வது பிழை. குடும்பத்தின் வேலை நேரம், வருமானம், பாசம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன என்பதை உடுமலைப்பேட்டை வட்டாரத்தின் அன்றாட வாழ்க்கை தெளிவாகவே காட்டுகிறது.

2009ஆம் ஆண்டில் கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியில், ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தை ஒட்டி உடுமலைப்பேட்டை உள்ளது. அமராவதி, திருமூர்த்தி அணைகளின் பாசனத்தால் தென்னையும் கரும்பும் மக்காச்சோளமும் விளையும் இப்பகுதியில் நூற்பாலைகளும் கோழிப்பண்ணைகளும் நிறைந்திருக்கின்றன; வடக்கே பல்லடத்தைத் தாண்டினால் திருப்பூரின் பனியன் கம்பெனிகள். நூற்பாலையில் நாள் மூன்று ஷிப்டாகப் பிரிகிறது. பனியன் கம்பெனியிலோ காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட், அதன்மேல் இரவு எட்டரை அல்லது ஒன்பது வரை அரை ஷிப்ட் என்று கணக்கிடப்படுவதால், ஆர்டர் நெருக்கும் நாள்களில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது வழக்கம். அந்த அரை ஷிப்ட் கூலியில்தான் பள்ளிக் கட்டணமும் மகளிர் குழுக் கடன் தவணையும் கட்டப்படுகின்றன. பெற்றோர் இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீட்டில் மாலை நான்கரை மணிக்குப் பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறக்க ஆளில்லை; இரவு சமையல் ஒன்பதரைக்குத் தொடங்குகிறது, சாப்பாடு பத்தரைக்கு, படுக்கை பதினொன்றுக்கு. 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று உறக்க மருத்துவர்கள் கூறும் அளவு இவ்வீடுகளில் எட்டாக்கனியாகிறது. உறக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் சுரப்புகள் மிகுந்து, இனிப்பையும் பொரித்ததையும் நாடும் விருப்பம் கூடுவதால், எடையின் கதை சோற்றுத் தட்டுக்கு முன்பே கடிகாரத்தில் தொடங்கிவிடுகிறது.

நான்கரை மணிக்கும் ஒன்பதரை மணிக்கும் இடைப்பட்ட பசியைக் கொங்குப் பகுதியின் சாலையோரப் பேக்கரிகளும் தள்ளுவண்டிகளுமே ஆற்றுகின்றன. சர்க்கரை தூக்கலான டீ, தேங்காய் பன், பப்ஸ், முட்டை போண்டா ஆகியவற்றோடு, முட்டைக்கோசையும் சிறிது காளானையும் மாவில் பிசைந்து பொரித்து, மசாலாவில் போட்டுக் கொத்தித் தரும் ‘காளான்’ என்னும் பண்டமும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகளின் மாலை உணவாகும். வீட்டுச் சமையலறையிலோ 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படும் ரேஷன் அரிசியும், லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலும், சர்க்கரையும் முதலிடம் பெறுகின்றன. பசியை ஒழித்த இந்தத் திட்டத்தைக் குறைகூறுவது நன்றிகெட்ட செயலாகும். ஆயினும் அரிசியும் எண்ணெயும் மலிவாகவும், காய்கறியும் பழமும் நாளுக்கொரு விலையாகவும் இருக்கும் சந்தையில், தட்டின் பெரும்பகுதியைச் சோறு நிரப்புவது எந்தத் தாயின் அறியாமையாலும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் 85 கிராம் பருப்பு வகையும் இருக்க வேண்டும் என்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் இது நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் மேற்பட்ட காய்கறி என்று கணக்கிட்டுப் பார்த்தால், அறிவுரைக்கும் வாரச் சம்பளத்துக்கும் இடையிலுள்ள தூரம் விளங்கும்.

பணத்தையும் நேரத்தையும்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. மானாவாரி மேட்டுநிலத்தில் மழை பொய்த்த ஆண்டுகளைப் பார்த்த தாத்தா பாட்டிமார் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றனர். அவர்களுக்குக் கொழுகொழுவென்ற பேரப்பிள்ளை குடும்பம் தலையெடுத்துவிட்டது என்பதன் கண்கண்ட சான்று. நாள் முழுதும் வீட்டில் இல்லாத தாய்க்குத் தன் பிள்ளைமேல் உள்ள அன்பைக் காட்டக் கிடைக்கும் நேரம் இரவுச் சாப்பாட்டு நேரமே. தந்தைக்கு, சனிக்கிழமைச் சம்பளத்தோடு வாங்கிவரும் பரோட்டாப் பொட்டலம். அந்த வேளையில் பிள்ளை ‘எனக்கு வேண்டாம்’ என்றால், உணவை மறுத்ததாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. தங்களையே மறுத்ததாக எடுத்துக்கொள்கின்றனர். ‘ஏங் கண்ணு, சோத்தைக் கொறச்சா ஒடம்பு தாங்குமா’ என்ற கேள்வியில் தடையும் பாசமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது: பூப்பெய்தியவுடன் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டி ‘உடம்பைத் தேற்றும்’ அதே உறவினர், நான்கு ஆண்டுகள் கழித்து வரன் பேச்சு தொடங்கும்போது ‘கொஞ்சம் இளைக்கக் கூடாதா’ என்று கேட்கின்றனர். இரண்டு கட்டளைகளும் அவளுடைய உடலைப் பற்றியவை. இரண்டிலும் அவளுடைய விருப்பம் கேட்கப்படுவதில்லை.

எடை மிகுதி எனப்படுவது எது என்பதிலேயே குழப்பம் உள்ளது. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் உடல் நிறை குறியீட்டெண் எனப்படும். வளர்ந்தோருக்குப் பயன்படும் எல்லைகளை இந்த எண்ணுக்கு அப்படியே பொருத்திப் பதின்பருவத்தினரை மதிப்பிடலாகாது; வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்களை வைத்தே மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். தெற்காசியரின் உடலமைப்பு மற்றொரு சிக்கலைச் சேர்க்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் லான்செட் இதழில் தம்மையும் பிரிட்டானிய மருத்துவர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டுக் காட்டினார்: இருவருக்கும் குறியீட்டெண் 22.3, ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் பிள்ளையின் வயிற்றுப் பகுதியில் ஊளைச்சதை சேர்ந்திருக்கக்கூடும் என்பதும், பார்வையை மட்டும் வைத்து யாரையும் நோயாளி என்றோ நலமானவர் என்றோ சொல்ல முடியாது என்பதும் இதனால் பெறப்படும்.

சென்னையின் 51 பள்ளிகளில் 18,955 மாணவர்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், பன்னாட்டு அளவுகோலின்படி தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காட்டினரும் அரசுப் பள்ளிகளில் 3.6 விழுக்காட்டினரும் மிகை எடை உடையோராக இருந்தனர். அரசுப் பள்ளி வகுப்பறையில் அத்தகைய பிள்ளை பெரும்பாலும் தனியொருவராக இருப்பார், கேலிக்கு எளிதில் இலக்காவார் என்ற உண்மை இந்த எண்களுக்குள் அடங்கியிருக்கிறது. பெரியவர்களின் எடையோ விரைந்து கூடிவருகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மிகை எடையோ உடற்பருமனோ உடைய பெண்கள் 2015–16இல் 30.9 விழுக்காடாக இருந்து 2019–21இல் 40.4 ஆகவும், ஆண்கள் 28.2 விழுக்காட்டிலிருந்து 37.0 ஆகவும் உயர்ந்துள்ளனர். பிள்ளையின் எடையைத் தனிப் பிரச்சினையாகப் பார்க்கும் வீட்டில், பெற்றோரில் ஒருவருக்கேனும் அதே சிக்கல் இருக்க வாய்ப்பு மிகுதி.

குடும்பத்தின் துணை எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் லெனர்ட் எப்ஸ்டைன் 1990இல் வெளியிட்ட பத்தாண்டுத் தொடராய்வு முதன்மையான சான்றாகும். உடற்பருமன் உள்ள 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு ஒரே உணவுமுறையும் உடற்பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. ஒரு குழுவில் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து பழக்கங்களை மாற்றியதற்காக ஊக்குவிக்கப்பட்டனர், மற்றொன்றில் பிள்ளை மட்டும், மூன்றாவதில் பழக்கமாற்றத்துக்கென்று குறிப்பான ஊக்கம் எவருக்கும் இல்லை. பத்தாண்டுகளுக்குப் பின் முதற்குழுவினரின் மிகை எடை விகிதம் 7.5 புள்ளி குறைந்திருந்தது. பிள்ளை மட்டும் முயன்ற குழுவில் 4.5 புள்ளி கூடியிருந்தது. மூன்றாவது குழுவில் 14.3 புள்ளி கூடியிருந்தது. தனித்து முயன்றவர் குறிப்பான ஊக்கம் பெறாதவரைவிட நன்றாகவே இருந்தார் என்பது இவ்வெண்களில் ஆறுதலான பகுதி. ஒரே பாடத்தைக் கற்ற இரு பிள்ளைகளை, வீட்டில் இன்னொருவரும் மாறினார் என்ற ஒன்றே அவ்வளவு தூரம் விலக்கிவைத்தது என்பது பெற்றோர் ஆழ்ந்து எண்ண வேண்டிய பகுதி.

துணை மறுக்கப்படும்போது முயற்சி நின்றுவிடுவதில்லை, மறைவுக்குச் செல்கிறது. கைப்பேசியில் யூடியூப் ஒன்றே ஆசிரியராகும் நிலையில், முப்பது நாளில் பதினைந்து கிலோ என்ற வாக்குறுதியை மறுத்துப் பேச அருகில் எவரும் இருப்பதில்லை. 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர், எடை கூடிவிடும் அச்சத்தால் பல மாதங்கள் உணவைப் பெரும்பாலும் தவிர்த்து, தலச்சேரி மருத்துவமனையில் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில், கல்லூரியில் சேரவிருந்த 17 வயது மாணவர் ஒருவர், இணையக் காணொளியைப் பார்த்து ஏறத்தாழ மூன்று மாதங்கள் பழச்சாறு மட்டுமே அருந்திவந்ததாகக் குடும்பத்தார் கூறிய நிலையில், திடீரென மூச்சுத்திணறி உயிரிழந்தார் என்று செய்திகள் வந்தன. இவ்விரு மரணங்களுக்கும் வீட்டாரைப் பொறுப்பாக்குவது கொடுமை. ஆனால் நீண்ட பட்டினி உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும்: கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது, இதயமும் தசையே ஆதலால் அதுவும் மெலிகிறது; பொட்டாசியம் போன்ற உப்புகள் குறைந்து இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைகிறது; நெடுநாள் கழித்து ஒரே வேளையில் வயிறு நிறைய உண்ணும்போது இரத்தத்தின் பாஸ்பேட் அளவு சட்டெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலையும் உண்டு. மருத்துவம் இதை மீளூட்டல் நோய்க்குறி என்கிறது. பட்டினிக்குப் பின் உணவைத் தொடங்குவதே மருத்துவ மேற்பார்வை வேண்டிய செயல் என்பது இதன் பொருள். உயிராபத்து நேராத இடத்திலும் கடும் பத்தியம் பயன் தருவதில்லை. மினசோட்டாவில் டயான் நியூமார்க்-ஸ்டைனர் வழிநடத்திய நெடுங்கால ஆய்வில், பத்தியம் இருந்த பதின்பருவத்தினர் ஐந்தாண்டுகளுக்குப் பின் மற்றவரைவிட எடை மிகுந்தவராகும் வாய்ப்பே கூடுதலாகக் காணப்பட்டது.

வளரும் உடலுக்கு இயற்கை தரும் ஒரு சலுகையைப் பலரும் அறிவதில்லை. 13 வயதில் 152 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள சிறுவனின் குறியீட்டெண் ஏறக்குறைய 26. ஒரு கிலோகூடக் குறையாமல், எடை கூடாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, 15 வயதில் அவன் 165 சென்டிமீட்டர் வளர்ந்தால் அந்த எண் 22 ஆகிவிடும். எனவே இளைய பதின்பருவத்தினர் பலருக்கு இலக்கு எடையைக் குறைப்பது என்பதைவிட நிறுத்திவைப்பது என்றே அமைய வேண்டும். பெண்களின் உயர வளர்ச்சி பூப்புக்குப் பின் சில ஆண்டுகளில் முடிந்துவிடுவதால், 16 வயதுப் பெண்ணுக்கு இச்சலுகை பெரும்பாலும் கிட்டாது. அவருக்கு மருத்துவர் கண்காணிப்பில் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேற்படாத மெதுவான குறைவே பொருத்தம். அதே வயதில் அவருக்கு நாளொன்றுக்கு 46 கிராம் அளவுக்குப் புரதமும், மாதவிடாய் இழப்பை ஈடுசெய்யப் போதிய இரும்புச்சத்தும் வேண்டும் என்பதால், வேளையைத் தவிர்க்கும் எந்த வழியும் அவருக்குத் தீங்கே.

வீட்டார் உடன்படாத நிலையிலும் பிள்ளையின் கையில் எஞ்சுபவை சில உண்டு. அவை சிறியவை, ஆனால் மெய்யானவை. பேக்கரி டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம், 40 கலோரி. நாளுக்கு மூன்று டீயோடு ஒரு பாட்டில் குளிர்பானமும் சேர்ந்தால், தாயிடம் எதுவும் கேட்காமலே குறைக்கக்கூடிய பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. மாலைப் பசிக்கு அவித்த நிலக்கடலையோ சுண்டலோ அதே காசுக்குக் கிடைக்கும். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பிக் கொள்ளுத் தண்ணீர் மட்டும் குடிப்பது வீண். கொள்ளு கொழுப்பை உருக்கும் மருந்தன்று. எனினும் 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும் நிறைந்த நார்ச்சத்தும் உடைய அந்தத் தானியத்தைப் பருப்பாகக் கடைந்து, சோற்றைக் குறைத்து உண்டால் பசி நெடுநேரம் தாங்கும். கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், கம்பஞ்சோறு, கீரை ஆகியன கொங்குச் சமையலுக்குப் புதியவை அல்ல என்பதால், ஓட்ஸ் வாங்கித் தரச் சொல்வதைவிடப் பாட்டியிடம் கொள்ளுப் பருப்பு கேட்பது வீட்டில் சண்டையின்றி முடியும். உண்மையில் மறுப்பதைவிடக் கேட்பதே அவ்வீடுகளில் செல்லுபடியாகும் மொழி: ‘சோறு வேண்டாம்’ என்பது தாயைப் புண்படுத்தும்; ‘பொரியல் இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா’ என்பது மகிழ்விக்கும். ஞாயிறு காலையில் உழவர் சந்தைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு செல்லும் வேலையை ஏற்கும் பிள்ளை, வாங்குவதில் ஒரு பகுதியையேனும் தன் தீர்மானத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார்.

உடலுழைப்பைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் என்று வகுத்திருக்கிறது. 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வில் பதின்பருவத்தினரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. உடுமலைக்குத் தெற்கே அமராவதி நகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியின் மாணவர்கள் காலையில் பயிற்சியும் மாலையில் விளையாட்டும் பொது உணவகச் சாப்பாடும் நேரப்படி பெறுகின்றனர். அவர்கள் உடல் கட்டோடிருப்பதை யாரும் தனிமனித வைராக்கியமாகப் போற்றுவதில்லை, கால அட்டவணையின் விளைவாகவே கருதுகின்றனர். அதே வட்டாரத்தின் மற்றப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வந்தவுடன் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் கைமாறிவிடுவது வழக்கமாகிவிட்டது. வீட்டில் நேரம் கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளியின் அந்த நாற்பது நிமிடமே ஓடுவதற்கான ஒரே வாய்ப்பு என்பதால், அதைப் பறிப்பது பெரும் அநீதி. மாலையில் தனியே நடக்கும் பெண்பிள்ளையைத் தெரு உற்றுப் பார்க்கிறது. மொட்டைமாடியில் கயிறு தாண்டுவதும் தோழியரோடு சேர்ந்து பள்ளிக்கு நடப்பதும் அவளுக்கு எஞ்சும் வழிகள்.

பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரின் துணையும் துணையே. உடற்கல்வி ஆசிரியரோ, அத்தையோ, பக்கத்து வீட்டு அக்காவோ வாரம் ஒருமுறை ‘எப்படிப் போகிறது’ என்று கேட்டாலே மறைவில் நடக்கும் ஆபத்தான முயற்சி வெளிச்சத்துக்கு வரும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு உயரமும் எடையும் அளக்கிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல, ஒரு பெரியவர் உடன்வந்தால் போதும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலக் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கன்று. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கக்கூடும் என்பதால், பீர்க்கை நாரால் தேய்த்து ரணமாக்கும் தாய்மார் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாதவிடாய் தவறுதலும், வழக்கத்துக்கு மீறிய சோர்வும், தூக்கத்தில் பலத்த குறட்டையும் அதேபோல் ஆராயத்தக்கவை.

பெற்றோரிடம் வைக்கும் வேண்டுகோள் பெரியதன்று: ஒன்றரை ஷிப்டை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளையின் உடலைக் குறித்து உறவினர் முன் பேசாதிருப்பதும், தட்டில் வற்புறுத்தி மறுசோறு போடாதிருப்பதும், வாரத்தில் சில இரவுகளேனும் எல்லாரும் ஒரே உணவைச் சேர்ந்து உண்பதும் செலவில்லாதவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் பதின்பருவத்தினரின் உடற்பருமனையும் உணவுக் கோளாறுகளையும் தடுக்க வகுத்த வழிகாட்டுதலும் எடைப் பேச்சைத் தவிர்ப்பதையும் குடும்பமாக உண்பதையும் வலியுறுத்துகிறது. தனித்து முயன்றுகொண்டிருக்கும் இளையோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, மாதவிடாய் நின்றுபோதல், முடி கொத்தாக உதிர்தல், உண்டதை வாந்தியெடுக்கத் தோன்றுதல் ஆகியவற்றுள் எது வந்தாலும் முயற்சியை அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். சொல்ல வீட்டில் ஆளில்லையெனில், உடல்நல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும் மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம்.